வாய்க்கால் வீதியான கதை

கொள்ளேகாலுக்குக் கிழக்கே ஹனூர் இருக்கிறது. ஹனூரைத் தாண்டினால் ராமாபுரம். காடும் மலையும் சூழ்ந்த பகுதி. இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ் பேசுபவர்கள் உண்டு. கன்னடம் பேசுபவர்களும் உண்டு. இரண்டும் பேசுபவர்கள் நிறைய உண்டு.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது அது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1973-ல் அந்த மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. ஆனாலும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் பெரிய ஊர் என்றால் மைசூர்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மைசூர் போவார்கள். கல்யாணச் சாமான் வாங்க மைசூர் போவார்கள். தசரா பார்க்கவும் போவார்கள். மைசூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அரண்மனைப் பக்கமாக நடந்தால் கே.ஆர். சர்க்கிள் வரும். அங்கே நடுவில் ஒரு மண்டபம் இருக்கிறது. மண்டபத்தின் கீழே நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சிலை நிற்கிறது. அங்கிருந்து வடக்கே நேராக ஒரு ரோடு போகிறது. அதுதான் சயாஜி ராவ் ரோடு.

இந்த ரோட்டில் நடக்காத மைசூர்க்காரர் இருக்க மாட்டார். ஆனால் இது முன்பு ரோடாக இல்லை. ஒரு வாய்க்காலாக இருந்தது. அதுவும் தண்ணீர் வந்து சேராத வாய்க்கால். அது எப்படி ரோடானது? யாருடைய பெயரை அதற்கு வைத்தார்கள்? இன்று அந்த ரோட்டுக்கு என்ன கவலை? பார்ப்போம்.

தண்ணீர் வராத வாய்க்கால்

1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பெரிய போர் நடந்தது. திப்பு சுல்தான் போரில் உயிர் இழந்தார். ஆங்கிலேயர் வென்றார்கள். மைசூர் நாட்டைப் பழைய அரச குடும்பத்திடம் கொடுத்தார்கள். அரசருக்கு அப்போது வயது ஐந்து. குழந்தை எப்படி நாட்டை ஆளும்? ஆகவே திவான் ஒருவர் ஆட்சியைக் கவனித்தார். அவர் பெயர் பூர்ணையா. இவர் கோயம்புத்தூர் சீமையில் பிறந்தவர். திப்புவிடமும் வேலை பார்த்தவர். 1811 வரை மைசூரின் திவானாக இருந்தார்.

தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூருக்கு மாறியது. ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு தீவு. அதைச் சுற்றிக் காவிரி ஓடுகிறது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. மைசூரில் அப்படி இல்லை. ஏரியையும் கிணற்றையும்தான் நம்ப வேண்டும். மக்கள் பெருகினால் தண்ணீர் போதாது.

பூர்ணையா ஒரு திட்டம் போட்டார். காவிரியிலிருந்து மைசூருக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டு வர வேண்டும். நல்ல எண்ணம்தான். நிறையப் பணம் செலவானது. எத்தனையோ பேர் மண்ணை வெட்டிச் சுமந்திருப்பார்கள். வாய்க்கால் நகரத்துக்குள்ளே வந்து சேர்ந்தது. ஆனால் காவிரித் தண்ணீர் வந்து சேரவில்லை.

மைசூர் மேட்டு நிலத்தில் இருக்கும் ஊர். கடல் மட்டத்துக்குச் சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் காவிரி அதைவிடத் தாழ்வில் ஓடுகிறது. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். மேட்டில் தானாக ஏறாது. வயலுக்கு நீர் பாய்ச்சும் எவருக்கும் இது தெரியும். பிற்காலத்தில் எந்திரப் பம்பு வைத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றினார்கள். அதன் பிறகுதான் காவிரித் தண்ணீர் மைசூர் வீடுகளுக்கு வந்தது.

பூர்ணையாவின் வாய்க்கால் அப்படியே கிடந்தது. மக்கள் அதைப் ‘பூர்ணையா நாலா’ என்று அழைத்தார்கள். நாலா என்றால் ஓடை, வாய்க்கால் என்று பொருள்.

வாய்க்காலை மூடினார்கள்

ஓடாத வாய்க்கால் ஊருக்கு நடுவே இருந்தால் என்ன ஆகும்? குப்பை சேரும். சாக்கடை சேரும். கொசு பெருகும். மழை பெய்தால் நாற்றம் தாங்காது. நம் ஊர்களிலும் இதைப் பார்க்கிறோம்.

1831-ல் ஆங்கிலேயர் மைசூர் ஆட்சியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1881-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது அரசர் ஆனவர் சாமராஜேந்திர உடையார். 1883 முதல் 1901 வரை சேஷாத்திரி ஐயர் திவானாக இருந்தார்.

அந்தக் காலத்தில் மைசூரில் சுகாதார வேலை தொடங்கியது. கழிவுநீர் போகத் தனி வழி கட்டினார்கள். நகரத்துக்குள் வந்த பூர்ணையா நாலாவை மண் போட்டு மூடினார்கள். மூடிய இடத்தில் ஒரு ரோடு அமைத்தார்கள். தெற்கு வடக்காக நகரத்தின் நடுவே போகும் ரோடு. அந்தக் காலத்தில் அவ்வளவு அகலமான ரோட்டைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள்.

பூர்ணையா தண்ணீருக்காக வெட்டினார். தண்ணீர் வரவில்லை. ஆனால் அவர் வெட்டிய வழியில் இன்று மக்கள் வெள்ளம் ஓடுகிறது.

யார் இந்த சயாஜி ராவ்?

ரோட்டுக்குப் பெயர் வேண்டும் அல்லவா? பரோடா அரசர் மூன்றாம் சயாஜி ராவ் கெய்க்வாடின் பெயரை வைத்தார்கள். பரோடா இன்றைய குஜராத் மாநிலத்தில் இருக்கிறது. இப்போது வடோதரா என்று சொல்கிறார்கள்.

சயாஜி ராவின் வாழ்க்கை ஒரு கதை போல இருக்கும். அவர் அரண்மனையில் பிறக்கவில்லை. 1863-ல் மகாராஷ்டிரத்தில் கவ்ளானா என்ற கிராமத்தில் பிறந்தார். குடியானவர் வீட்டுப் பிள்ளை. சொந்தப் பெயர் கோபால் ராவ். அரச குடும்பத்துக்குத் தூரத்து உறவு. பரோடா அரச குடும்பத்தில் வாரிசு இல்லாமல் போனது. 1875-ல் அந்த வீட்டு ராணி இந்தப் பையனைத் தத்து எடுத்தார். அப்போது அவருக்கு வயது 12. எழுதப் படிக்கத் தெரியாது.

ஆம். பிற்காலத்தில் பெரிய அரசர் ஆனவருக்கு 12 வயது வரை எழுத்துத் தெரியாது. அதன் பிறகுதான் ஆசிரியர் வைத்துப் படித்தார். பல மொழிகள் கற்றார்.

தாமதமாகப் படித்தவர் படிப்பின் அருமையை மறக்கவில்லை. 1893-ல் தம் நாட்டின் அம்ரேலி பகுதியில் ஒரு சட்டம் போட்டார். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வர வேண்டும். ஆண் பிள்ளையும் வர வேண்டும், பெண் பிள்ளையும் வர வேண்டும். கட்டணம் கிடையாது. 1906-ல் இதைத் தம் நாடு முழுவதும் கொண்டு வந்தார். ஊர் ஊராக நூலகம் திறந்தார். பெட்டியில் புத்தகங்களை வைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அம்பேத்கர் 1913-ல் அமெரிக்கா சென்று படிக்க உதவித் தொகை கொடுத்தவரும் இவர்தான்.

தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். "சயாஜி ராவ் ரோட்டில் இறங்கிக்கொள்" என்கிறார்கள். அந்தப் பெயர் பன்னிரண்டு வயதில் எழுத்துக் கற்ற ஒரு கிராமத்துப் பையனின் பெயர்.

நோயும் விளக்கும்

ரோடு அமைந்த சில ஆண்டுகளில் மைசூருக்கு இரண்டு துன்பங்கள் வந்தன. 1897-ல் பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. இன்று நாம் பார்க்கும் அரண்மனை அதன் பிறகு கட்டியது. 1912-ல் வேலை முடிந்தது.

அடுத்த துன்பம் பிளேக் நோய். 1898-ல் மைசூரில் பிளேக் பரவியது. எலி மீது வாழும் தெள்ளுப்பூச்சி மூலம் இந்த நோய் பரவும். நெருக்கமான வீடுகள், வெளிச்சம் இல்லாத சந்துகள், குப்பை நிறைந்த தெருக்கள். இவற்றில் எலி பெருகும். எலி பெருகினால் நோய் பெருகும். பலர் இறந்தார்கள்.

மைசூர் அரசு ஒன்றைப் புரிந்துகொண்டது. மருந்து மட்டும் போதாது. தெருவும் நன்றாக இருக்க வேண்டும். 1903-ல் நகரத்தைச் சீர்திருத்த ஒரு வாரியம் அமைத்தார்கள். அது புதிய குடியிருப்புகளை அமைத்தது. அகலமான ரோடுகளைப் போட்டது. இன்று மைசூரைச் சுத்தமான நகரம் என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் பிளேக்கில் இறந்தவர்களின் கதையும் இருக்கிறது.

பிறகு நல்ல செய்தி ஒன்று வந்தது. கொள்ளேகால் பக்கத்தில் சிவனசமுத்திரம் அருவி இருக்கிறது. அங்கே காவிரித் தண்ணீர் விழும் வேகத்தில் மின்சாரம் எடுத்தார்கள். 1902-ல் அந்த மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. 1908-ல் மைசூர் நகருக்கும் மின்சாரம் வந்தது. காவிரித் தண்ணீர் பூர்ணையாவின் வாய்க்கால் வழியாக வரவில்லை. ஆனால் அதே காவிரி கம்பி வழியாக வெளிச்சமாக வந்தது.

சந்தையின் வாசனை

சயாஜி ராவ் ரோட்டை ஒட்டி ஒரு நீளமான பழைய கட்டடம் இருக்கிறது. அதுதான் தேவராஜா மார்க்கெட். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. உள்ளே எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகள். ஒரு முனையில் சின்ன மணிக்கூண்டு நிற்கிறது. கன்னடத்தில் அதைச் ‘சிக்க கடியார’ என்பார்கள். 1886-ல் டபரின் பிரபு மைசூர் வந்ததன் நினைவாகக் கட்டியது.

மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முதலில் வாசனைதான் வரவேற்கும். மல்லிகை ஒரு பக்கம் மணக்கும். கொத்தமல்லி ஒரு பக்கம் மணக்கும். பழுத்த வாழை மணக்கும். ஊதுபத்தி மணக்கும். குங்குமத்தையும் கலர்ப் பொடிகளையும் கோபுரம் போலக் குவித்திருப்பார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரிசையாக இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள்.

மைசூருக்கென்று சில பொருள்கள் உண்டு. மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசவாழை ஆகியவை புகழ் பெற்றவை. இவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதாவது, அந்தப் பகுதியில் விளைந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்லி விற்கலாம். வேறு ஊரில் விளைந்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. விவசாயிக்கு இது ஒரு பாதுகாப்பு.

மார்க்கெட்டில் மொழி ஒரு தடை இல்லை. "அக்கா, இன்னும் ஒரு முழம் போட்டுக் கொடுங்க" என்று தமிழில் கேட்கலாம். பூக்கார அம்மா கன்னடத்தில் பதில் சொல்வார். பக்கத்துக் கடைக்காரர் உருதுவில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். பேரம் முடிந்துவிடும்.

மைசூர்பாகு பிறந்ததும் இந்த ஊரில்தான். கடலை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சேர்ந்தது மைசூர்பாகு. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மாதப்பா என்ற அரண்மனைச் சமையல்காரர் இதை முதலில் செய்தார் என்று சொல்கிறார்கள். அவர் வழிவந்தவர்களின் இனிப்புக் கடை இன்றும் இந்த ரோட்டில் நடக்கிறது.

இதே ரோட்டில் சந்தன மரச் சாமான் விற்கும் அரசுக் கடையும் உண்டு. கே.ஆர். ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கிராமத்து ஏழைகளுக்கு அது பெரிய ஆதரவு. இன்னும் வடக்கே போனால் ஆயுர்வேதக் கல்லூரி வரும். அதையும் தாண்டினால் மூங்கில் கடைகளால் பெயர் பெற்ற பம்பூ பஜார் வரும்.

யானை வரும் வழி

வருடத்தில் ஒரு நாள் இந்த ரோட்டில் பஸ் ஓடாது, கார் ஓடாது. யானைகள் நடக்கும். அந்த நாள் விஜயதசமி.

மைசூர் உடையார்கள் 1610-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கினார்கள். பிறகு விழா மைசூருக்கு வந்தது. விஜயதசமி அன்று அரண்மனையிலிருந்து ஊர்வலம் புறப்படும். கே.ஆர். சர்க்கிளைச் சுற்றி, சயாஜி ராவ் ரோடு வழியாகப் போகும். பன்னிமண்டபத்தில் முடியும். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரம். பன்னி என்றால் வன்னி மரம். அங்கே வன்னி மரத்துக்குப் பூசை செய்வது பழைய வழக்கம்.

ஒரு யானையின் முதுகில் தங்க அம்பாரி இருக்கும். அதன் எடை சுமார் 750 கிலோ. முன்பு அதில் அரசர் உட்கார்ந்து வருவார். நாடு குடியரசு ஆனது. 1971-ல் அரசர் பட்டங்களும் மானியங்களும் போயின. இப்போது அம்பாரியில் சாமுண்டீஸ்வரி அம்மன் சிலை வருகிறது. அரசருக்காக நடந்த ஊர்வலம் மக்களின் ஊர்வலம் ஆகிவிட்டது.

750 கிலோவை யானை திடீரென்று சுமக்க முடியுமா? முடியாது. அதற்குப் பழக்கம் வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே யானைகள் காட்டு முகாம்களிலிருந்து மைசூர் வந்துவிடும். முதலில் சும்மா நடக்கும். பிறகு மணல் மூட்டையைச் சுமந்து நடக்கும். மூட்டையின் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். பீரங்கிச் சத்தத்துக்கும் பழக்குவார்கள். ஊர்வலம் போகும் அதே ரோட்டில்தான் இந்தப் பயிற்சி நடக்கும். காலையில் பால் வாங்கப் போகிறவர் எதிரே யானைக் கூட்டம் வரும். மைசூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

யானையை நடத்துபவர்கள் மாவுத்தர்கள். அவர்களுக்கு உதவியாளர்கள் காவாடிகள். இவர்களில் பலர் ஜேனு குருபர் போன்ற பழங்குடி மக்கள். குடும்பத்தோடு வந்து அரண்மனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். பிள்ளைகளின் படிப்பு கெடக் கூடாது அல்லவா? அதனால் அங்கேயே ஒரு கூடாரப் பள்ளி நடத்துகிறார்கள்.

பலராமா, அர்ஜுனா ஆகிய யானைகள் அம்பாரி சுமந்து புகழ் பெற்றன. அர்ஜுனா 2012 முதல் 2019 வரை சுமந்தது. 2020-ல் அபிமன்யு அந்தப் பொறுப்பை ஏற்றது. ஆனால் அந்த ஆண்டு கொரோனா வந்துவிட்டது. 2020-லும் 2021-லும் ஊர்வலம் அரண்மனைக்குள்ளேயே முடிந்தது. விஜயதசமி அன்று சயாஜி ராவ் ரோடு யானை இல்லாமல் இருந்தது. பூ விற்பவர், பொரி விற்பவர், பலூன் விற்பவர் என எல்லோருக்கும் அது வருத்தமான காலம். ஒரு நாள் விழாவை நம்பிப் பல மாதக் கடனை அடைப்பவர்கள் உண்டு.

இடிந்த சுவர்

இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்கள் இப்போது ஆபத்தில் இருக்கின்றன.

சின்ன மணிக்கூண்டுக்கு அருகில் லான்ஸ்டவுன் கட்டடம் இருக்கிறது. 1892-ல் கட்டியது. பழைய புத்தகக் கடைகளுக்கு அது பெயர் பெற்றது. 2012 ஆகஸ்டு 25 அன்று அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். நான்கு ஆண்டு கழிந்தது. 2016 ஆகஸ்டு 28 அன்று தேவராஜா மார்க்கெட்டின் வடக்குப் பகுதி இடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல வேளையாக யாரும் இறக்கவில்லை.

பழைய கட்டடம் ஏன் இடிகிறது? அந்தக் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டினார்கள். கூரைக்கு மர உத்திரம் போட்டார்கள். இவை உறுதியானவைதான். ஆனால் பராமரிப்பு வேண்டும். கூரையில் விரிசல் விட்டால் மழைநீர் இறங்கும். காரை உதிரும். மரம் உளுத்துப் போகும். சுவரில் அரசஞ்செடி முளைக்கும். செடி சின்னதாக இருக்கும்போதே பிடுங்காவிட்டால், வேர் உள்ளே போய்ச் சுவரைப் பிளக்கும். நம் வீட்டுச் சுவருக்கும் இது பொருந்தும்.

மார்க்கெட் இடிந்த பிறகு பெரிய விவாதம் எழுந்தது. ஒரு சாரார் சொன்னார்கள்: "கட்டடம் வலுவிழந்துவிட்டது. உயிர்தான் முக்கியம். இதை இடித்துவிட்டு, பழைய அமைப்பிலேயே புதிதாகக் கட்டலாம்."

இன்னொரு சாரார் சொன்னார்கள்: "இது மைசூரின் சொத்து. இடித்தால் திரும்ப வராது. கெட்ட பகுதியை மட்டும் பழுது பார்த்தால் போதும்."

நிபுணர்களிடமும் ஒரே கருத்து இல்லை. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

கடைக்காரர்களின் கவலை வேறு. பலர் தாத்தா காலத்திலிருந்து அங்கே கடை வைத்திருக்கிறார்கள். கட்டடம் மாநகராட்சிக்குச் சொந்தம். இவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். "புதுக் கட்டடம் எழும் வரை எங்கே போவது? வழக்கமாக வாங்குகிறவர்கள் நம்மைத் தேடி வருவார்களா? திரும்பி வந்தால் அதே இடம் கிடைக்குமா? வாடகையைக் கொடுக்க முடியுமா?" இவை அவர்களின் கேள்விகள். வாழை இலை விற்பவருக்கும் பூக்கட்டுபவருக்கும் இந்தக் கேள்விகள் வயிற்றுப் பாட்டோடு சேர்ந்தவை.

ஜப்பானில் ஒரு சந்தைத் தெரு

இப்படிப்பட்ட கவலை மைசூருக்கு மட்டும் வந்ததில்லை. ஜப்பான் நாட்டில் கியோட்டோ என்ற பழைய நகரம் இருக்கிறது. மைசூர் போல அதுவும் ஒரு காலத்தில் தலைநகரம். அங்கே நிஷிகி என்று ஒரு சந்தைத் தெரு உண்டு. ஒடுக்கமான தெரு. இருபுறமும் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். மீன், காய்கறி, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும்.

அந்த இடத்தில் சந்தை வளர்ந்ததற்குத் தண்ணீரே காரணம். அங்கே நிலத்தடித் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில், அந்தத் தண்ணீரால் மீனைக் கெடாமல் வைத்தார்கள்.

சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சந்தையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஜாகுச்சூ என்ற ஓவியர் அப்போது முன்னே வந்தார். அவர் அந்தத் தெருவில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். படம் வரைவதை ஒதுக்கி வைத்தார். அதிகாரிகளிடம் பலமுறை நடந்தார். 1774-ல் சந்தைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்தத் தெரு இன்றும் நடக்கிறது. அவரது ஓவியங்களும் உலகப் புகழ் பெற்றுவிட்டன.

அந்தத் தெருவைக் காப்பாற்றியது அரசனின் படை அல்ல. தெருவைச் சேர்ந்தவர்களின் விடா முயற்சி.

நடைபாதையில் இருப்பவர்கள்

சயாஜி ராவ் ரோட்டில் கட்டடத்துக்குள் கடை வைத்திருப்பவர்கள் மட்டும் இல்லை. நடைபாதையில் துணி விரித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். கூடையில் பழம் விற்கும் அம்மா, சீப்பும் கண்ணாடியும் விற்கும் பெரியவர், தள்ளுவண்டிக்காரர். ரோட்டில் வண்டிகள் பெருகிவிட்டன. நடக்க இடம் இல்லை என்று மக்கள் குறை சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். அதிகாரிகள் வந்தால் நடைபாதை வியாபாரிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

இவர்களுக்காக 2014-ல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. தெருவோர வியாபாரிகள் சட்டம் என்பது அது. அதில் உள்ள சில செய்திகள்:

ஒவ்வொரு நகரத்திலும் ஒரு விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது தெருவோர வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும்.

முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் விரட்டக் கூடாது.

இடத்தை மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்பாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸைப் படிக்கத் தெரிய வேண்டும். சான்றிதழில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். கணக்கெடுப்பில் விட்டுப் போனால் மனு எழுதிக் கொடுக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் இடத்தை இழக்கிறார்கள். நம் ஊர் வாரச் சந்தையில் கூடை வைத்து விற்பவர்களுக்கும் இந்தச் சட்டம் தெரிந்திருப்பது நல்லது. பக்கத்து நகரத்துக்கு விற்கப் போனால் உதவும்.

ஒரு தெரு என்பது என்ன?

நகரத்தின் பெயரும் மாறிவிட்டது. 2014 நவம்பர் 1 முதல் மைசூர் என்பதை மைசூரு என்று எழுதுகிறார்கள். சயாஜி ராவ் ரோடு மட்டும் அதே பெயரோடு இருக்கிறது.

தண்ணீருக்காக வெட்டிய இடம் அது. சாக்கடையாகி, ரோடாகி, சந்தையாகி, ஊர்வலம் போகும் வழியும் ஆனது. ஒவ்வொரு முறையும் மக்களின் தேவைதான் அதை மாற்றியது. பழைய சுவரைக் காப்பது நல்லது. சுவர் யார் தலையிலும் விழாமல் பார்ப்பது அதைவிட அவசியம். ஆனால் சுவர் மட்டுமே தெரு ஆகாது. பூ விற்பவர், பழம் விற்பவர், மூட்டை தூக்குபவர், பேரம் பேசுபவர் எல்லோரும் சேர்ந்ததுதான் தெரு. அவர்களை அனுப்பிவிட்டு அழகான கட்டடத்தை எழுப்பினால், கட்டடம் இருக்கும். தெரு இருக்காது.

அடுத்த முறை மைசூர் போகும்போது கே.ஆர். சர்க்கிளில் சற்று நில்லுங்கள். வடக்கே பாருங்கள். உங்கள் காலடியில் ஒரு வாய்க்கால் புதைந்து கிடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. பூர்ணையா வெட்டிய வாய்க்காலுக்குக் காவிரித் தண்ணீர் ஏன் வரவில்லை?

2. சயாஜி ராவ் தம் நாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக என்ன செய்தார்?

3. தேவராஜா மார்க்கெட்டை இடித்துக் கட்டலாமா, பழுது பார்க்கலாமா? நீங்கள் அங்கே கடை வைத்திருந்தால் என்ன சொல்வீர்கள்?

4. உங்கள் ஊரில் பழைய தெரு எது? அந்தப் பெயர் எப்படி வந்தது? ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.